தோலின் மதிலும் முடியின் வேரும்

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், சானடோரியத்தை அடுத்து வரும் நிலையம் குரோம்பேட்டை. நாள்தோறும் இதைக் கடந்து செல்வோர் பலருக்கு இது வெறும் ஊர்ப்பெயர். ஆனால் இப்பெயருக்குள் ஒளிந்திருப்பது குரோமியம் என்னும் உலோகம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தை அடுத்து நிறுவிய குரோம் லெதர் கம்பெனியே இவ்வூருக்குப் பெயர் தந்தது. ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் தோல் பதனிட்டு வந்த சென்னை மாகாணத்தில், குரோமிய உப்புகளால் பதனிடும் புதுமுறை அக்காலத்தில்தான் வேரூன்றியது. கம்பெனி மறைந்துவிட்டது, பெயர் நிலைத்துவிட்டது.

அதே ரயில் பெட்டியின் சுவரை நோக்குங்கள். 'முடி உதிர்கிறதா? வழுக்கையா? கவலை வேண்டாம்!' என்று கூவும் விளம்பரத்தை அங்கே அடிக்கடி காணலாம். வெளியே, தோலிலிருந்து முடியை நீக்கும் தொழிலால் பெயர் பெற்ற ஊர். உள்ளே, தோலில் முடியை வளர்ப்பதாக வாக்களிக்கும் வணிகம். ஒன்றுக்கொன்று நேர்மாறான இவ்விரண்டும் எதிர்கொள்ள வேண்டிய பொருள் ஒன்றே. அது தோலின் மேற்புறத்தில் உள்ள, ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தடிப்பே கொண்ட ஒரு படலம். அதன் இயல்பை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றை அறிந்தால், விளம்பரங்களில் எது பொருளுள்ளது, எது வெறும் சொல் என்று நாமே எடைபோட முடியும்.

உயிரற்ற அணுக்களின் அரண்

தோல் இரு பகுதிகளால் ஆனது. கீழே இருப்பது தடித்த அகத்தோல். இதில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் உண்டு. மேலே இருப்பது மெல்லிய புறத்தோல். இதில் இரத்தக் குழாய்களே இல்லை. 1665-இல் இத்தாலிய அறிஞர் மார்செல்லோ மால்பிகி, அப்போது புதிதாக வந்திருந்த நுண்ணோக்கியின் துணையுடன் புறத்தோலின் அடிப்பகுதியை விவரித்தார். அதனால் அந்த அடுக்கு நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கிற்று.

புறத்தோலின் அடித்தளத்தில் புதிய உயிரணுக்கள் ஓயாமல் பிறக்கின்றன. கீழிருந்து வருபவை தள்ள, மேலிருப்பவை மெல்ல மெல்ல உயர்கின்றன. உயரும்போதே அவை தட்டையாகி, உட்கருவை இழந்து, கெரட்டின் என்னும் கடினமான புரதத்தால் நிரம்பி இறந்துவிடுகின்றன. இவ்வாறு இறந்த அணுக்கள் ஏறக்குறைய 15 அல்லது 20 அடுக்குகளாகத் தோலின் மேல் படிந்திருக்கின்றன. மாட்டின் கொம்பும் நம் நகமும் எப்பொருளால் ஆனவையோ அப்பொருளாலேயே ஆனதால், இதற்குக் கொம்புப் படலம் என்று பெயர். பிறந்தது முதல் உதிர்வது வரை ஓர் அணுவின் பயணம் சுமார் நான்கு வாரம். நாம் தொட்டுப் பார்க்கும் 'தோல்' உண்மையில் உயிரற்ற அணுக்களின் விரிப்பு!

இறந்த அணுக்கள்தானே, இவற்றால் என்ன பயன் என்றே அறிஞர்களும் நீண்ட காலம் எண்ணினர். நுண்ணோக்கியில் காண்பதற்காகத் தோலை இரசாயனப் பொருள்களில் ஊறவைத்து அரிந்தபோது, கொம்புப் படலம் கிழிந்த கூடைமுடைச்சல் போலத் தளர்ந்து தோன்றிற்று. அது பதப்படுத்தும் முறையால் விளைந்த தோற்றமே என்பதும், உடலின் மேல் அது செலோபேன் தாள்போல இறுகப் போர்த்தியிருக்கிறது என்பதும் 1960-களில், அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் போன்றோரின் ஆராய்ச்சிக்குப் பின்னரே தெளிவாயிற்று.

சுண்ணாம்புத் தொட்டி கற்பிக்கும் பாடம்

விஞ்ஞானி அறியாததைத் தோல் பதனிடுவோர் தம் வழியில் அறிந்திருந்தனர். பச்சைத் தோலை அப்படியே பதனிட்டால் பதமருந்து சரியாக உள்ளே செல்லாது. முதலில் சுண்ணாம்பு நீரில் அதை ஊறவைப்பர். சோடியம் சல்பைடும் சேர்ப்பர். அப்போது முடி கழன்றுவிடும். முடியுடன் புறத்தோல் முழுவதும் போய்விடும். எஞ்சுவது அகத்தோல் மட்டுமே. நம் காலில் இருக்கும் செருப்பு, மாட்டின் அகத்தோலே அன்றி வேறல்ல.

முடியும் புறத்தோலும் ஏன் ஒன்றாகப் போகின்றன? இரண்டும் உடன்பிறப்புகள் என்பதே விடை. கருவில் குழந்தை வளரும்போது, புறத்தோலின் ஒரு சிறு பகுதி கீழ்நோக்கிக் குழிந்து, அகத்தோலுக்குள் இறங்குவதால்தான் மயிர்க்கால் உண்டாகிறது. முடியும் கெரட்டினால் ஆனது. கொம்புப் படலமும் கெரட்டினால் ஆனது. கெரட்டின் இழைகளை ஒன்றோடொன்று பூட்டி வைத்திருப்பவை இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும் பிணைப்புகள். காரமும் சல்பைடும் இப்பூட்டுகளைத் திறந்துவிடுகின்றன. அகத்தோலின் புரதமாகிய கொலாஜனிலோ இத்தகைய கந்தகப் பூட்டுகள் இல்லை; எனவே அது தப்பிவிடுகிறது. கடைகளில் விற்கும் முடிநீக்கும் களிம்புகளும் இதே கந்தக வேதியியலைப் பயன்படுத்துபவையே. குறித்த நிமிடங்களுக்கு மேல் வைக்காதீர்கள் என்று அவற்றின் மீது அச்சிட்டிருப்பதன் காரணம் இப்போது விளங்கும். முடியைக் கரைக்கும் மருந்து, அதன் உடன்பிறப்பாகிய தோலின் மேற்படலத்தையும் விட்டுவைக்காது.

1948-இல் அடையாற்றில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், சுண்ணாம்பும் சல்பைடும் கழிவுநீரை நஞ்சாக்குவதைக் கண்டு, நொதிகளைக் கொண்டு முடி நீக்கும் முறைகளை ஆராய்ந்து வந்துள்ளது. தோல் ஆலைக் கழிவுநீரின் தீமை குரோம்பேட்டையை அடுத்த நாகல்கேணிப் பகுதி மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எக்ஸ்-கதிர்கள் கண்ட காட்சி

கெரட்டினுக்கும் கொலாஜனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்முன் நிறுத்தியது பௌதிகமே. 1930-களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வில்லியம் ஆஸ்ட்பரி, கம்பளி இழையின் ஊடேயும் மனித முடியின் ஊடேயும் எக்ஸ்-கதிர்களைச் செலுத்திப் படமெடுத்தார். ஈரமான முடியை இழுத்து நீட்டினால் அதன் உள்ளமைப்பு ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்கு மாறுவதைக் கண்டார். சுருள்வில்லை இழுத்தால் நீள்வதைப் போன்றது இது.

கொலாஜனின் புதிரை அவிழ்த்த பெருமை நம் சென்னைக்கு உரியது. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறையில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் மூன்று இழைகளால் ஆன சுருள் என்று முதலில் எடுத்துரைத்தனர். மறு ஆண்டு அவ்வமைப்பைத் திருத்தி, மூன்று சுருள்களும் ஒன்றையொன்று தழுவி முறுக்கிய கயிறு போன்றவை என்று காட்டினர். அக்கயிற்றின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 3 இலட்சம். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

உப்புத்தாளும் ஒட்டுநாடாவும்

நம் உடலின் நீர் ஆவியாகிப் போகாமல் காப்பது தோலின் எந்த அடுக்கு? 1944-இல் அமெரிக்காவில் வின்சர், பர்ச் என்னும் இருவர் இதற்கு விடை கண்ட முறை மிக எளியது. இறந்தவர் உடலின் வயிற்றுத் தோலை எடுத்து, அதன் வழியே எவ்வளவு நீர் கசிகிறது என்று அளந்தனர். பிறகு தச்சர் மரத்தைத் தேய்ப்பதுபோல் உப்புத்தாளால் மேற்படலத்தை மட்டும் தேய்த்து நீக்கிவிட்டு, மீண்டும் அளந்தனர். நீர்க்கசிவு பன்மடங்கு பெருகிற்று. தடிப்பில் பெரும்பகுதி அப்படியே இருக்க, மேலே இருந்த மெல்லிய படலம் போனதும் காவலும் போயிற்று! 1950-களில், ஒட்டுநாடாவைத் தோலில் ஒட்டி ஒட்டி உரித்து, படலத்தை அடுக்கடுக்காக நீக்கிச் செய்த சோதனைகளும் இதையே உறுதிப்படுத்தின.

அதே காலத்தில் இர்வின் பிளாங்க் என்னும் அறிஞர் மற்றொரு சோதனை செய்தார். உலர்ந்து கடினமான காய்ப்புத் தோல் துண்டை எண்ணெயில் ஊறவைத்தால் அது மென்மையாகவில்லை. நீரில் ஊறவைத்தால் மென்மையாயிற்று. கொம்புப் படலத்தை இளக்குவது நீரே. எண்ணெய் அந்நீர் வெளியேறாமல் மூடி வைக்கிறது. பித்தவெடிப்புக்குக் காலை வெந்நீரில் ஊறவைத்த பின்னரே எண்ணெய் தடவ வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதில் நல்ல விஞ்ஞானம் இருக்கிறது.

இப்படலத்தை ஒரு பொருள் எவ்வாறு கடக்கிறது? விரவல் என்னும் நிகழ்ச்சியால். ஊதுபத்தியின் மணம் பரவுவதில் விரவலுக்கும் பங்குண்டு. இதன் விதியை 1855-இல் வகுத்தவர் அடால்ஃப் ஃபிக். இவர் உடலியல் அறிஞர் என்பது பௌதிக மாணவருக்கு வியப்பளிக்கலாம். விரவலால் கடக்க வேண்டிய தூரம் இரு மடங்கானால் ஆகும் நேரம் நான்கு மடங்காகிறது. இதோடு, கீழுள்ள உயிருள்ள அடுக்குகளில் இருப்பதைவிடக் கொம்புப் படலத்தில் விரவும் வேகம் ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவு.

1975-இல் மைக்கேல்ஸ், சந்திரசேகரன், ஷா ஆகிய மூவர் இப்படலத்தைச் செங்கல்லும் சாந்தும் கொண்ட சுவராக உருவகித்து, மருந்துகள் அதைக் கடப்பதைக் கணக்கிட்டனர். இறந்த அணுக்கள் செங்கற்கள். அவற்றின் இடையே நிரம்பியுள்ள கொழுப்புப் பொருள் சாந்து. மருந்து பெரும்பாலும் சாந்தின் வழியே வளைந்து வளைந்து செல்ல வேண்டும். தடிப்பு சிறிதாயினும் பாதை நீளமானது. இக்கணக்குகள் ஏட்டோடு நிற்கவில்லை. 1979-இல் பயணக் குமட்டலைத் தடுக்க, காதின் பின்புறம் ஒட்டும் மருந்துப் பட்டை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் எல்லா மருந்தும் இவ்வாறு நுழைவதில்லை. மூலக்கூறு எடை ஏறக்குறைய 500-க்கு மேற்பட்ட பொருள்கள் பழுதற்ற தோலைக் கடப்பது மிக அரிது என்று 2000-இல் இரு ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினர்.

முன்பு நினைவில் வைத்த எண்ணை இப்போது எடுங்கள். கொலாஜனின் எடை 3 இலட்சம். வாயிலின் அகலம் 500! 'கொலாஜன் கலந்த களிம்பு தோலின் ஆழத்துக்குச் செல்லும்' என்பது, ஊசியின் காதில் தேர் வடத்தை நுழைப்பதாகச் சொல்வதற்கு ஒப்பாகும்.

வேர் எங்கே இருக்கிறது?

நாம் சீப்பால் வாரும் முடி உயிரற்றது. உயிருள்ள பகுதி, தலைத்தோலில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் ஆழத்தில், மயிர்க்காலின் அடியில் உள்ள குமிழ் ஆகும். அங்கிருந்துதான் முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. தலையில் உள்ள சுமார் ஒரு இலட்சம் முடிகளில் நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பே.

வேளச்சேரி முதல் கூடுவாஞ்சேரி வரை, புதிதாகக் குடிவந்தவர் எவரைக் கேட்டாலும், 'இந்த ஊர் உப்புத் தண்ணீரால்தான் முடி கொட்டுகிறது' என்பார். ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருந்தால் அவை முடியின் மேல் படிந்து, அதைச் சொரசொரப்பாக்கி, சிக்குண்டு முறியச் செய்யலாம். ஆனால் முறிவது வேறு. வேர் நலிவது வேறு. மேலே ஊற்றிய நீர் மதிலைக் கடந்து 4 மில்லிமீட்டர் ஆழத்திலுள்ள குமிழை வாட்டி வழுக்கையாக்கும் என்று நிறுவப்படவில்லை. தேங்காய் எண்ணெயின் கதையும் இத்தகையதே. அது முடித்தண்டுக்குள் ஊறி, புரத இழப்பைக் குறைப்பதை 2003-இல் வெளிவந்த இந்திய ஆராய்ச்சி ஒன்று காட்டியது. முடித்தண்டுக்கு அது நன்மையே. வேரை முளைக்கச் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு என்பது இதனால் பெறப்படாது.

ஆண்களின் வழுக்கைக்குக் காரணம் உடலின் உள்ளேயே இருப்பதை 1942-இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன் காட்டினார். பருவமடையுமுன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு ஆண்மைச் சுரப்புநீரைச் செலுத்தியபோது, பரம்பரைப் போக்கு உடையவர்களுக்கு வழுக்கை தோன்றியது. பரம்பரையும் சுரப்புநீரும் சேர்ந்து, சில மயிர்க்கால்களை ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துப்போகச் செய்கின்றன.

இரத்த அழுத்த மாத்திரை முடி வளர்த்த கதை

மேலே பூசி முடி வளர்க்கும் மருந்து எதுவுமே இல்லையா? உண்டு. ஆனால் அது கிடைத்தது முடியைத் தேடியபோது அன்று. அமெரிக்காவின் அப்ஜான் கம்பெனி, கடுமையான இரத்த அழுத்தத்துக்காக மினாக்சிடில் என்னும் மாத்திரையை உருவாக்கியது. அதை உட்கொண்ட நோயாளிகளுக்கு முகத்திலும் கையிலும் முடி வளரலாயிற்று. மாத்திரை 1979-இல் அனுமதி பெற்றது. பக்க விளைவையே பயனாக்க எண்ணி, அதைத் தலையில் பூசும் திரவமாக மாற்றினர். 1988-இல் அதற்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மினாக்சிடிலின் மூலக்கூறு எடை 209 மட்டுமே. வாயிலில் நுழையும் அளவுதான். இருந்தும், பூசிய மருந்தில் சராசரியாக நூற்றுக்கு 1.4 பங்கே உடலின் இரத்தத்தைச் சேர்கிறது. ஒரு வேளைக்குப் பூசும் 2 விழுக்காட்டுத் திரவம் 1 மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம் மருந்து இருக்கும். இதில் உட்சென்று இரத்தத்தை எட்டுவது அரை மில்லிகிராமுக்கும் குறைவு. இரத்த அழுத்தத்தை மிகையாகக் குறைக்காமல் நம்மைக் காப்பதும் இம்மதிலே. மருந்தைக் கரைக்கவும் மதிலைக் கடக்கத் துணைபுரியவும் ஆல்கஹாலும் புரோப்பிலீன் கிளைக்காலும் சேர்க்கப்படுகின்றன. மயிர்க்காலின் வாய் ஒரு குறுக்குவழியாகவும் உதவுகிறது.

உள்ளே சென்றாலும் வேலை முடியவில்லை. மயிர்க்காலில் உள்ள ஒரு நொதி இதைச் சல்பேட்டாக மாற்றினால்தான் மருந்து செயல்படும். இந்நொதி குறைந்தவர்களுக்குப் பலன் குறைவு. பூசுவதை நிறுத்தினால் சில மாதங்களில் பலனும் மறைந்துவிடும். முற்றிலும் பளபளத்த வழுக்கையில் இதனால் காடு முளைக்காது.

மதிலைத் துளைத்தும் சுற்றியும்

மதிலைத் துளைத்துவிட்டால் என்ன? 2013-இல் மும்பையைச் சேர்ந்த தோல் மருத்துவர் ரச்சிதா துரத் குழுவினர் இதை ஆராய்ந்து வெளியிட்டனர். வழுக்கை தொடங்கிய ஆண்கள் 100 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் மினாக்சிடில் மட்டும் பூசினர். மறு பிரிவினருக்கு அதனுடன், வாரம் ஒரு முறை நுண்ணூசிகள் பதித்த உருளையைத் தலைத்தோலில் உருட்டினர். 12 வாரம் கழித்து, குறித்த சிறு பரப்பில் எண்ணியபோது, முதற்பிரிவில் சராசரியாக 22 முடிகளும் மறு பிரிவில் 91 முடிகளும் கூடியிருந்தன. துளைகளின் வழியே மருந்து மிகுதியாகச் சென்றது ஒரு காரணமாகலாம். சிறு காயம் ஆறும்போது எழும் வளர்ச்சித் தூண்டலும் காரணமாகலாம். சிறிய ஆய்வொன்றின் முடிவு இது. இதன் பின் பல நாடுகளிலும் ஆய்வுகள் தொடர்ந்துள்ளன. ஆனால் துளைத்த மதிலின் வழியே மருந்து மட்டுமா நுழையும்? கிருமியும் நுழையும். கடையில் உருளை வாங்கி வீட்டிலேயே உருட்டிக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

மதிலைத் தொடாமல் இரத்தத்தின் வழியே வேரை அடைவது மற்றொரு வழி. 1997-இல் அமெரிக்காவில் ஆண்களின் வழுக்கைக்கு அனுமதி பெற்ற ஃபினாஸ்டிரைடு மாத்திரை இவ்வகையினது. மினாக்சிடிலையும் இன்று சில மருத்துவர்கள் குறைந்த அளவில் மாத்திரையாகவே தருகின்றனர். மாத்திரை உடல் முழுதும் செல்வதால் பக்க விளைவுகளுக்கும் இடமுண்டு. எனவே மருத்துவர் கண்காணிப்பு இன்றி இவற்றைத் தொடக் கூடாது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

முடி போவதால் உயிர் போவதில்லை. ஆனால் அது தரும் மனவேதனையைச் சிறிதென்று தள்ளிவிட முடியாது. கல்லூரி மாணவர் பலர் உணவுச் செலவைக் குறைத்து எண்ணெய்ப் புட்டி வாங்குகின்றனர். 2016-இல் சென்னையில் முடிமாற்றுச் சிகிச்சையைத் தொடர்ந்து ஒரு மருத்துவ மாணவர் உயிரிழந்தது, பயிற்சியற்ற கைகளின் ஆபத்தை ஊரறியச் செய்தது. முடிமாற்று அறுவையைத் தகுதி பெற்ற மருத்துவரே செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் நெறிமுறை வகுத்தது. வழுக்கையைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்பது, நம் நாட்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணையில் நெடுங்காலமாகவே உள்ளது. விளம்பரங்களைப் பார்த்தால் இவ்விதி இருப்பதே தோன்றாது!

ஆகவே, இனி ஒரு புட்டியைக் கையில் எடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதிலுள்ள பொருள் மதிலைக் கடக்கும் அளவு சிறியதா? கடந்து சென்றால் வேரில் அது செய்யும் வேலை என்ன? அவ்வேலை, மருந்து பூசியவர்களையும் பூசாதவர்களையும் எண்ணி ஒப்பிட்டு மெய்ப்பிக்கப்பட்டதா? மூன்றுக்கும் விடை இல்லையெனில், அந்தப் புட்டி முடித்தண்டுக்கு மெருகு தரலாம், மணமும் தரலாம். வேர் அதை அறியாது.

வெயில், தூசி, கிருமி, நச்சு ஆகியவற்றிலிருந்து நம்மை இரவும் பகலும் காத்து நிற்கும் இம்மெல்லிய மதில், நல்ல மருந்தையும் எளிதில் விடாது, பொய் மருந்தையும் எளிதில் விடாது. மருந்தை உள்ளே அனுப்புவது விஞ்ஞானிகளின் பணி. பொய்யை உள்ளே விடாதிருப்பது நம் பணி.